முறிந்த என்பும் நீங்காக் கிருமியும்

இரத்தவோட்டம் அற்ற என்புத் துண்டிலும், முறிவைத் தாங்கும் உலோகத்திலும் பற்றீரியாக்கள் படலம் அமைத்து உறையும். ஆங்கு மருந்து எளிதிற் சென்று சேராது. 2016 ஆம் ஆண்டு பிரசெல்சு விமான நிலையக் குண்டுவெடிப்பிலே தொடையென்பு முறிந்த பெண்ணொருவரை, எம்மருந்துக்கும் அடங்காத கிளெப்சியெல்லா வகையொன்று ஏறத்தாழ ஈராண்டு வருத்தியது.

பற்றீரியாவை அழிக்கும் வைரசுகளுக்குத் தெறெல் என்பார் 1917 இல் 'பற்றீரியா உண்ணி' எனும் பொருள்படப் பெயரிட்டார். பெனிசிலின் பரவியபின் மேல்நாட்டார் பெரும்பாலும் அவற்றைக் கைவிட்டனர். ஜோர்ஜியாவின் எலியாவா நிறுவனத்தார் கைவிட்டிலர். அவர்கள் அப்பெண்ணின் கிருமியைத் தாக்குமாறு ஒரு வைரசைப் பழக்கி அளித்தனர். வைத்தியர் அதனைப் பிற மருந்துகளுடன் சேர்த்துப் புண்ணிற் செலுத்தினர். தொற்று நீங்கியது, அவர் ஊன்றுகோலுடன் நடக்கலானார்.

ஒருவர் பெற்ற சுகம் பொதுவிதியாகாது. ஆயினும், பழையதெனத் தள்ளியதை மீண்டும் ஆராய்தலும் அறிவியலின் கடனேயாம்.