இரவு வானில் ஓடும் ஒளி எது?

2022 ஏப்ரல் 2-ந் தேதி இரவு மகாராஷ்டிரத்தின் பல ஊர்களில் வானத்தில் நெருப்புக் கோடுகள் ஓடக் கண்டு மக்கள் திகைத்தனர். சந்திரபூர் மாவட்டம் சிந்தேவாஹி வட்டாரத்தில் பெரிய உலோக வளையம் ஒன்று விழுந்து கிடந்தது. அது சீன ராக்கெட் ஒன்றின் பாகம் என்று விண்வெளி நிபுணர்கள் கணித்தனர்.

இத்தகைய ஒளியைக் கண்டு பீதியடைய வேண்டியதில்லை. மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்.

முதலாவது, மினுக்கல். சிவப்பும் பச்சையும் தெரிந்து, விட்டுவிட்டு மின்னினால் அது ஆகாய விமானம். குர்லா, காட்கோபர்வாசிகளுக்கு இது பழகிய காட்சியே.

இரண்டாவது, நேரம். ஓரிரு வினாடிகளில் மறைவது எரிநட்சத்திரம். மின்னாமல், ஒரே சீராகச் சில நிமிஷங்கள் ஊர்ந்து செல்வது செயற்கைக் கோள். அதற்குச் சொந்த ஒளி கிடையாது. சூரிய ஒளியைப் பிரதிபலிக்கிறது. ஆகவே அந்தி சாய்ந்த பின்னும், விடியலுக்கு முன்னும் நன்கு தெரியும். பூமியின் நிழலில் புகுந்ததும் மங்கிவிடும். இவற்றுள் மிகப் பிரகாசமானது சர்வதேச விண்வெளி நிலையம். சுமார் 400 கி.மீ. உயரத்தில், ஏறத்தாழ 90 நிமிஷத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. 2025-ல் நம் நாட்டு வீரர் சுபான்ஷு சுக்லா தங்கியிருந்தது அங்கேதான்.

மூன்றாவது, வரிசை. முத்துச்சரம்போல் பல ஒளிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றால், அவை புதிதாக ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் கோள்கள். 2019 முதல் இவை கூட்டம் கூட்டமாக அனுப்பப்படுகின்றன.

எரிநட்சத்திரத்தைவிட மெதுவாக, துண்டு துண்டாகச் சிதறி எரிந்துகொண்டே போனால், அது பெரும்பாலும் கீழிறங்கும் ராக்கெட் பாகமே. எங்கேனும் அத்தகைய பொருள் விழுந்து கிடந்தால் தொடவே கூடாது. உள்ளே நச்சு எரிபொருள் மிஞ்சியிருக்கக்கூடும். குழந்தைகளை அப்பால் விலக்கிவிட்டு, உடனே போலீசாருக்குத் தெரிவிப்பதே நல்லது.