கம்பவுண்டர் கற்ற பாடம்

மருந்து வழங்குமிடத்தில் மாத்திரைகளை எண்ணித் தரும் மருந்தாளுநரை நம் பகுதிப் பெரியவர்கள் சிலர் இன்றும் ‘கம்பவுண்டர்’ என்றே அழைக்கின்றனர். கலவை செய்பவர் என்பது அச்சொல்லின் பொருள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அது பொருத்தமான பெயராகவே இருந்தது. மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்து, மருந்தை அங்கேயே இடித்து, கரைத்து, அளந்து கொடுப்பதே அவருடைய பணி. நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்த சீசாவில் கலவையை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு அருந்த வேண்டும் என்பதைக் காட்டும் காகிதப் பட்டையை அதன் பக்கத்தில் ஒட்டித் தருவார்.

இப்பணிக்கு அவர் எவ்வாறு பயின்றார்? சென்னை மருத்துவக் கல்லூரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே மருந்துக் கலவையாளருக்கான வகுப்பு இருந்தது. எனினும் பலர், மருத்துவமனைகளில் மூத்தவர்களின் அருகில் நின்று பார்த்தே தொழிலைக் கற்றனர்.

முதற்பாடம் அளவை. 20 கிரெயின் ஒரு ஸ்குரூப்பிள். 3 ஸ்குரூப்பிள் ஒரு டிராம். 8 டிராம் ஓர் அவுன்சு. ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம். சீட்டில் டிராமுக்கு இடும் குறியும் அவுன்சுக்கு இடும் குறியும் ஒன்றுபோலவே தோன்றும். மேலே ஒரு சிறு கோடு மட்டுமே வேறுபாடு. அக்கோட்டைக் கவனியாது விட்டால் மருந்தின் அளவு எட்டு மடங்கு மாறிவிடும். உண்ணும் முறை இலத்தீன் சுருக்கெழுத்தில் எழுதப்பட்டிருந்ததால், அம்மொழியின் சில சொற்களையும் மாணவர் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

அடுத்த பாடம், எதனோடு எதைக் கலக்கலாகாது என்பது. எட்டிக்கொட்டையிலிருந்து பெறப்படும் ஸ்டிரிக்னின், அன்று சத்து மருந்துகளில் மிகச் சிறிய அளவில் சேர்க்கப்பட்டது. அதனுடன் புரோமைடு உப்பைக் கலந்தால், நஞ்சு படிகமாகிச் சீசாவின் அடியில் தங்கிவிடும். முதல் வேளைகளில் தீங்கு தோன்றாது. கடைசி வேளையே உயிரைப் பறிக்கக்கூடும். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் மருந்து வழங்கும் பயிற்சி பெற்ற அகதா கிறிஸ்டி, 1920இல் வெளிவந்த தம் முதல் நாவலில் இச்செய்தியையே கொலைக்கான வழியாக அமைத்தார்.

இத்தகைய பொறுப்பை ஏற்றவருக்குச் சட்டம் கல்வித் தகுதி எதையும் கட்டாயமாக்கியதா? இல்லை. சென்னை மாகாணத்தில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1914இலேயே வந்தது. ஆயின் மருந்தைக் கலந்து கொடுப்பவருக்கு நாடு முழுமைக்கும் பொதுவான தகுதி வரையறை இல்லை. 1930இல் கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையில் அமைக்கப்பட்ட குழு இக்குறையைச் சுட்டிக்காட்டி, முறையான பயிற்சியும் பதிவும் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1932இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராப் மருந்தியல் கல்வியைத் தொடங்கினார். 1940இல் மருந்துகள் சட்டமும், 1948இல் மருந்தாளுநர் தொழிலுக்கான சட்டமும் இயற்றப்பட்டன. மருத்துவருக்கு வந்த ஒழுங்கு மருந்தாளுநரை வந்தடைய 34 ஆண்டுகள் ஆயின.

இன்று மருந்துகள் ஆலையிலிருந்து ஆயத்தமாகவே வருகின்றன. ஆனால் கலவாமை என்னும் பழைய பாடம் நீங்கிவிடவில்லை. சீசாவுக்குள் நிகழ்ந்தது இன்று நம் உடலுக்குள் நிகழக்கூடும். ஆகவே, வேறு மருத்துவர் தந்த மாத்திரையோ நாட்டு மருந்தோ உட்கொண்டு வந்தால், அதை மருந்தாளுநரிடம் மறவாமல் கூறுங்கள். அனல்மின் நிலையத்திலோ துறைமுகத்திலோ இரவுப் பணி செய்பவராயின், ‘காலை, இரவு’ என்று எழுதப்பட்ட மருந்தை எந்நேரத்தில் உண்பது என்று கேளுங்கள். ‘நன்கு குலுக்கிய பின் அருந்தவும்’ என்று சீசாவில் அச்சிட்டிருந்தால், ஒவ்வொரு வேளையும் தவறாமல் குலுக்குங்கள். அடியில் தங்குவதும் மருந்தே என்பதை அன்றைய மாணவர் கற்றார், நாமும் நினைவிற்கொள்வோம்.