எழுத்து இடுக்கில் ஒரு போட்டி

ஆங்கிலப் புத்தகத்தின் பக்கம் இருபுறமும் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும். வரியில் அடங்காத நீளச் சொல்லைச் சிறு கோடு போட்டு உடைத்து, மிச்சத்தை அடுத்த வரிக்குத் தள்ளுவதும் அதற்கு ஒரு காரணம். கண்ட இடத்தில் உடைத்துவிட முடியாது. ‘மேன்ஸ்லாட்டர்’ என்றால் மனிதக் கொலை. வெட்டு ஓரெழுத்து தள்ளி ‘எஸ்’ஸுக்குப் பின்னால் விழுந்தால், அடுத்த வரி ‘லாஃப்டர்’ என்று தொடங்கும். கொலை சிரிப்பாகிவிடும்!

தமிழில் இந்தத் தொல்லை குறைவு. புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்பதைக் கவனித்தால் பெரும்பாலும் போதும். ஆங்கிலத்திலோ ஒலிப்பின் துண்டான அசையையும் பார்க்க வேண்டும், பொருளையும் பார்க்க வேண்டும். அகராதி முழுவதையும் கணினியில் ஏற்றினாலும், அதில் இல்லாத சொல் வந்தால் கை விரித்துவிடும்.

டொனால்ட் கனூத் உருவாக்கிய ‘டெக்’ அச்சுக்கோப்பு மென்பொருளுக்காக, ஸ்டான்ஃபோர்டில் ஃப்ராங்க்ளின் லியாங் 1983-இல் தன் ஆய்வேட்டில் கொடுத்த தீர்வு அபாரமானது. அவர் சொற்களை விட்டுவிட்டு எழுத்துத் துணுக்குகளைப் பிடித்தார். ஒவ்வொரு துணுக்கும் எழுத்துகளின் இடுக்கில் ஓர் எண்ணைச் செருகும். ஒற்றைப்படை என்றால் வெட்டலாம். இரட்டைப்படை என்றால் கூடாது. ஒரே இடுக்கில் இரண்டு எண்கள் மோதினால் பெரியது ஜெயிக்கும்.

இந்த வெட்டும் வேலைக்கு ஆங்கிலத்தில் ‘ஹைபனேஷன்’ என்று பெயர். அந்தச் சொல்லையே வெட்டிப் பார்ப்போம். அதில் ‘என்’னுக்கும் ‘ஏ’வுக்கும் நடுவே ‘என்-ஏ-டி’ என்ற துணுக்கு 2 போட்டுத் தடுக்கிறது. ‘எச்-இ-என்-ஏ-டி’ என்ற நீளத் துணுக்கு அங்கேயே 5 போட்டு அனுமதிக்கிறது. ஐந்தின் சொல் எடுபடுகிறது. அடுத்த இடுக்கில் ‘டி-ஐ-ஓ’ 1 போட்டு அனுமதித்தாலும், ‘எச்-இ-என்-ஏ’வின் 4 அதை முறியடிக்கிறது. பொதுவிதி, அதற்கு விலக்கு, விலக்குக்கும் விலக்கு என்று ஐந்து அடுக்கு!

இந்தத் துணுக்குகளை யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. அகராதியை அலசி ஒரு நிரலே பொறுக்கியெடுத்தது. மொத்தம் 4447. வெப்ஸ்டர் கையடக்க அகராதியின் வெட்டிடங்களில் 89 சதவீதத்தை அவை கண்டுபிடித்தன. தவறான வெட்டு அநேகமாக இல்லை. பொருள் என்றால் என்னவென்றே அறியாத முறை இது. லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள் இன்றும் பல மொழிகளில் இப்படித்தான் சொல்லை உடைக்கிறது.

பிடிகொடுக்காத சொற்களுக்காக டெக்கில் 14 சொற்கள் கொண்ட தனிப் பட்டியலும் உண்டு. அதில் ‘ப்ராஜெக்ட்’ இருக்கிறது. பெயர்ச்சொல்லாக வந்தால் ‘ஜே’வுக்குப் பிறகு வெட்ட வேண்டும், வினையாக வந்தால் அதற்கு முன்பே. எழுத்துகளோ ஒன்றேதான். எனவே டெக் அதை உடைப்பதே இல்லை.