58 இருக்கு, 60 வேணும்... கடைசி செமஸ்டரில் எவ்வளவு எடுக்கணும்?

"அக்கா, கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் குறைந்தது 60 சதவிகிதம் கேக்கிறாங்க. அஞ்சு செமஸ்டர் சராசரி எனக்கு 58. கடைசி செமஸ்டர்ல 62 எடுத்தா சரியாப் போயிடும்ல?"

சித்தி மகள் போன வாரம் போனில் கேட்டாள். பி.காம் மூன்றாம் ஆண்டு. 58-க்கும் 62-க்கும் நடுவில் 60 இருப்பதால், நானும் 'ஆமா' என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, பள்ளியில் படித்த அசமன்பாடு ஞாபகம் வந்தது.

ஒவ்வொரு செமஸ்டரிலும் 2 குறைந்தது என்று வைத்துக்கொண்டால், ஐந்து செமஸ்டருக்குக் கடன் 10. அடைக்க இருப்பதோ ஒரே செமஸ்டர். அதில் 60 எடுப்பதோடு இந்த 10-ஐயும் சேர்த்து எடுக்க வேண்டும். கடைசி செமஸ்டர் சதவிகிதத்தை 'ம' என்று வைத்து எழுதிப் பாருங்கள். இதுவரையிலான கூட்டுத்தொகை 5 × 58 = 290.

(290 + ம) ÷ 6 ≥ 60
290 + ம ≥ 360
ம ≥ 70

சமக்குறி போட்டிருந்தால் விடை 70 மட்டும்தான். '≥' என்பதால் 70-ம் சரி, 85-ம் சரி. அறிவிப்பில் உள்ள வார்த்தையையும் கவனியுங்கள். 'குறைந்தது 60' என்பதற்குப் பதில் '60-க்கு மேல்' என்றிருந்தால் குறி '>' ஆகிவிடும். சரியாக 70 எடுத்தவர் வெளியே நிற்க வேண்டியதுதான்!

ம 100-ஐத் தாண்டவும் முடியாது. ஐந்து செமஸ்டர் சராசரி 52 என்றால் கடைசியில் நூற்றுக்கு நூறு தேவை. 51 என்றால் 105, அதாவது வாய்ப்பே இல்லை. கசப்பான விடைதான். ஆனால் முன்பே தெரிந்தால், 60 கேட்காத நிறுவனங்களைத் தேட நேரம் கிடைக்கும்.

(எல்லா செமஸ்டருக்கும் மொத்த மதிப்பெண் சமமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. கிரெடிட் முறை என்றால், ஒவ்வொன்றையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுக்க வேண்டும்.)

"எழுபதா? நான் எடுத்ததிலேயே அதிகம் 64தான்க்கா." குரல் இறங்கிவிட்டது.

கடைசி செமஸ்டரில் ஆறு பேப்பர். தலா 70 என்றால் 420. ப்ராஜெக்ட்டில் 88 ஏற்கெனவே வந்துவிட்டது. மீதி ஐந்தில் 332 வேண்டும், அதாவது சராசரியாக 66.4.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பேனா ஓடியிருக்க வேண்டும்.

"இன்கம் டாக்ஸ்ல 55தான் வரும்னு வெச்சுக்குவோம். மீதி நாலுல 277 எடுத்தா போதுமாக்கா?"

"போதும். நாலுலயும் 70 எடுத்தா 3 மார்க் மிச்சம்" என்றேன்.