ஆடிக் காவிரியும் இரண்டு வயதும்

மேட்டூரில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12 அன்று அணை திறக்கிறார்கள். மூன்று நான்கு நாளில் தண்ணீர் முக்கொம்பைக் கடந்து கல்லணையைத் தொட்டுவிடும். ஆடி பிறந்ததும் திருச்சி, தஞ்சைப் பக்கத்துக் குடும்பங்கள் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பிவிடுவார்கள். பதினெட்டாம் பெருக்கன்று கூட்டம் நெரியும். நடை பழகிய குழந்தை இருக்கிற வீடு அந்த நாளை விட்டுவிட்டு, அதை ஒட்டிய ஒரு சாதாரண நாளில் போவதே நல்லது.

நாங்கள் முக்கொம்புக்குப் போனோம். திருச்சியிலிருந்து கரூர் சாலையில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம். ஆர்தர் காட்டன் 1836-இல் இங்கே மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் 9 மதகுகள் இடிந்து போயின; பிறகு புதிய கதவணை வந்தது. பெரியவர்கள் பாலத்தில் நின்று இந்தக் கதையெல்லாம் பேசலாம். குழந்தைக்கு வேண்டியது நிழல், மணல், கொஞ்சம் தண்ணீர். பெரிய மரங்களும் ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள பூங்கா அங்கே இருக்கிறது.

என் மகள் அணையை ஏறிட்டும் பார்க்கவில்லை. வேரோரம் ஊர்ந்த எறும்பு வரிசையின் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டாள். எழுப்பினால் அழுகை. இரண்டு வயதுக்கு எறும்பும் ஆறும் ஒரே அளவுதான். இதைப் புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறைந்துவிடும். அங்கே போகணும், இதைக் காட்டணும் என்று நாம் போடும் திட்டத்தை அந்த மரத்தடியிலேயே விட்டுவிடலாம்.

“ஆத்துக்கு வந்துட்டுப் பிள்ளைய நனைக்காமலா கூட்டிட்டுப் போவே?” என்றார் அத்தை.

“ஆத்துல வேண்டாம் அத்தை, இங்கேயே நனையட்டும்” என்றேன்.

வீட்டிலிருந்து எடுத்துப் போன அகலமான பிளாஸ்டிக் டப்பில் கணவர் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். ஒரு டம்ளர், ஒரு வடிகட்டி. மொண்டாள், ஊற்றினாள், மறுபடி மொண்டாள். வடிகட்டியில் தண்ணீர் நிற்காததைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அத்தையும் புடவையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையில் உள்ளங்கைத் தண்ணீரைத் தெளித்தார். அதற்கு மேல் அந்தக் குழந்தைக்கு ஆறு தேவைப்படவில்லை.

நான் ஆற்றில் இறக்காததற்குக் காரணம் உண்டு. அணையை ஒட்டிய பகுதியில் இழுப்பு மேலே தெரியாது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளிய இடங்களில் முழங்கால் ஆழம் அடுத்த அடியில் ஆள் ஆழமாகிவிடும். மேலே கூடுதலாகத் திறந்தால் நீர்மட்டம் சட்டென்று ஏறும். சிறு குழந்தைக்கு உடம்பின் அளவைப் பார்க்கத் தலைப்பாரம் அதிகம். குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, கத்தவும் முடியாது. மூழ்குவதற்கு டப்பிலிருக்கும் நான்கு விரல் தண்ணீரே போதும். அதனால்தான் டப்புக்குப் பக்கத்திலும் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருந்தோம். விளையாட்டு முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்துவைத்தோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை.

கூட்டமாகப் போகும்போதுதான் ஆபத்து அதிகம் என்பது என் எண்ணம். சித்தி பார்த்துக்கொள்வாள் என்று அம்மா நினைப்பாள். அம்மாவோடு இருக்கிறது என்று சித்தி நினைப்பாள். சோற்று மூட்டையைப் பிரிக்கிற நேரம், எல்லோரும் படத்துக்கு நிற்கிற நேரம், கிளம்பும் அவசரம் இவைதான் குழந்தை நழுவும் நேரங்கள். நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். முறைக்காரர் கையில் செல்பேசி கிடையாது. மாற்றிக்கொள்ளும்போது “இனி நீ பாரு” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எழ வேண்டும். அத்தைக்கு முதலில் இது அதிகப்படியாகத் தோன்றியது, சாப்பாடு முடிவதற்குள் அவரே “இப்ப யார் முறை?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

வெயில் ஏறும் முன்பே வீடு திரும்பக் கிளம்பினோம். தூக்கம் தப்பினால் அந்த வயதுக் குழந்தைக்கு எந்த ஆறும் இனிக்காது.

இந்த ஆடியில் சிறு குழந்தையோடு ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள், கட்டுச்சோறு கட்டும்போதே யார் எப்போது குழந்தையைப் பார்ப்பது என்று பேசி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.