பேண்டேஜ் நெய்யுற ஊரில் ஒரு காது காயம்!

ராஜபாளையத்தில் பஸ் ஏறி சத்திரப்பட்டியில் இறங்கினால், ஊர் கண்ணில் படுவதற்கு முன்னாடியே காதில் விழும். 'சடக்... சடக்...'னு தெரு முழுக்க விசைத்தறி. பக்கத்தில் சமுசிகாபுரம், அய்யங்கொல்லங்கொண்டான் பக்கம் போனாலும் இதே பாட்டுதான். நெய்யுறது புடவையோ, வேட்டியோ இல்லீங்க... பேண்டேஜ் துணி! பைக்கில் விழுந்து நீங்க கட்டுப் போட்டுக்கிட்ட அந்த வெள்ளைத் துணி எங்க ஏரியாவில் பிறந்ததா இருக்க நிறையவே சான்ஸ் இருக்கு.

என் அத்தை அந்தத் தறியில்தான் பல வருஷமா வேலை பார்க்கிறாங்க. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த எனக்கு, ஒரு காயம் ஆற எத்தனை நாளாகும்னு தெரியலை. நான் அசடு வழிஞ்ச அந்தக் கதையைத்தான் இப்போ சொல்லப் போறேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க. ஆனா, கடைசி வரைக்கும் படிச்சுட்டுச் சிரிங்க ஃப்ரெண்ட்ஸ்!

ஜிமிக்கி செஞ்ச வேலை

அப்போ நான் காலேஜில் செகண்ட் இயர். கல்ச்சுரல்ஸ், பொங்கல் விழா, ஃபேர்வெல்னு எது வந்தாலும் எனக்குக் கனமான ஜிமிக்கி வேணும். காது ஓட்டை கொஞ்சம் கொஞ்சமா நீண்டுக்கிட்டே போச்சு. ஒருநாள் பக்கத்து வீட்டுக் குட்டிப் பையன் பிடிச்சு இழுத்ததில், இடது காதுச் சோணை ரெண்டாப் பிளந்துடுச்சு. 'மூளிக் காது'னு கிளாஸில் பேரே வெச்சுட்டாங்க.

மூணு வாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் கல்யாணம். போட்டோ, வீடியோ எல்லாம் இருக்கே! டியூஷன் எடுத்துச் சேர்த்த காசோடு ஒரு கிளினிக் போனேன். மரத்துப் போக ஊசி, பிளந்த ஓரத்தைச் சீவிவிட்டு நாலைஞ்சு தையல். அரை மணி நேரத்தில் வெளியே வந்துட்டேன். 'தண்ணி படக் கூடாது, நீயா எதையும் தடவக் கூடாது, ஏழாம் நாள் வந்து காட்டணும்'னு டாக்டர் சொன்னார். மண்டையை ஆட்டினேன். அவ்வளவுதான்.

மூணாம் நாள் தலைக்குக் குளிச்சேன். சீக்கிரம் ஆறட்டுமேன்னு மஞ்சளைக் குழைச்சு அப்பினேன். அஞ்சாம் நாள் காது 'விண் விண்'னு தெறிக்க ஆரம்பிச்சது. தலையணையில் மஞ்சளா ஒரு கறை. அது மஞ்சள் இல்லை, சீழ்! ஆறாம் நாள் காய்ச்சல்.

யார்கிட்ட சொல்றது? 'இருக்குற காது போதாதா, உனக்கு எதுக்கு இந்த வேலை?'னு அம்மா முதல் நாளே கேட்டாச்சு. முடியை முன்னாடி இழுத்துவிட்டு ரெண்டு நாள் மறைச்சேன். காய்ச்சலோடு சத்திரப்பட்டி போனப்போ, அத்தை முடியை விலக்கிப் பார்த்தாங்க. "என்னத்தா இது... ஊருக்கெல்லாம் துணி நெய்யுறோம், நீ புண்ணை முடிக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்க!" அடுத்த பஸ்ஸில் கிளினிக்.

தையலைப் பிரிச்சு, சீழை வெளியே எடுத்து, காயத்தைத் திறந்தே விட்டுட்டார் டாக்டர். "உடனே திரும்பத் தைக்க முடியாதா சார்? கல்யாணம் இருக்கு"ன்னு கெஞ்சினேன். "கிருமி உள்ளே இருக்கும்போது தைச்சா, திருடனை வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டுற மாதிரிம்மா" என்றார். தினமும் டிரெஸ்ஸிங். கல்யாண வீடியோவில் பட்டுப் புடவையோடும் காதில் வெள்ளைக் கட்டோடும் நிற்கிற ஒரே பொண்ணு நான்தான்!

அம்மாச்சி சொன்ன ரகசியம்

அந்தக் கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருந்தப்போதான் அம்மாச்சி பக்கத்தில் வந்தாங்க. தன் காதைத் தொட்டுக் காட்டினாங்க. மெல்லிசா ஒரு கோடு. இத்தனை வருஷம் நான் கவனிச்சதே இல்லை.

நம்ம தென் மாவட்டங்களில் அந்தக் காலத்தில் பெண் குழந்தைகளுக்குக் காது குத்தி, பஞ்சு திணிச்சு, அப்புறம் கனமான குணுக்கு மாட்டி, தோள் வரைக்கும் காது வளர்ப்பாங்க. பாம்படம், தண்டட்டி போடத்தான் இந்தப் பாடு. பிற்பாடு ஃபேஷன் மாறிப் போச்சு. 'பட்டிக்காடு'ன்னு கேலி பேசுவாங்களோன்னு, நிறையப் பெண்கள் நீளக் காதை அறுத்துத் தைச்சுக்கிட்டாங்க. அம்மாச்சியும் அதில் ஒருத்தர்.

"எனக்கும் சீழ் வெச்சுச்சு தாயி. ஒரு மாசம் முக்காடு போட்டுத் திரிஞ்சேன். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை. காது அழுகிப் போகுதுன்னு நெனச்சு ராத்திரியெல்லாம் அழுதிருக்கேன்" என்றார் அம்மாச்சி.

யோசிச்சுப் பாருங்க. 'காஸ்மெட்டிக் சர்ஜரி' சினிமாக்காரங்க சமாச்சாரம்னு நினைச்சா, அது எங்க வீட்டில் ரெண்டு தலைமுறைக்கு முன்னாடியே வந்திருக்கு. கூடவே, அந்த மறைக்கிற வியாதியும்!

தைக்க 15 வழி, ஆற 60 வழி

பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையில் கிழிந்த காதை ஒட்ட 15 முறைகள் இருக்கு. அதே நூல் புண்ணைப் பராமரிக்க 60 உபாயங்களைப் பட்டியல் போடுது. தைக்கிறது சின்ன வேலை, ஆத்துறதுதான் பெரிய வேலைன்னு அன்னிக்கே புரிஞ்சிருக்கு. நமக்குத்தான் புரியலை!

காயம்பட்டதும் முதலில் ரத்தம் உறையும். அடுத்த சில நாள் லேசான வீக்கம், சிவப்பு, சூடு இருக்கும். உடம்பு குப்பை அள்ளுற நேரம் அது. அப்புறம் புதுச் சதையும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களும் வளரும். மூணு வாரத்தில் வெளியே பார்க்க ஆறின மாதிரி தெரியும். ஆனா, பழைய பலத்தில் ஏறத்தாழ கால்வாசிதான் வந்திருக்கும். தழும்பு முதிர ஒரு வருஷம்கூட ஆகலாம். அப்பவும் பழைய தோலோட பலத்தில் 80 சதவீதத்தைத் தாண்டாது. மூணு வாரத்தில் ஜிமிக்கி மாட்டலாம்னு நான் போட்ட கணக்கு எவ்வளவு காமெடின்னு இப்போ தெரியுதா?

எப்போ ஓடணும் டாக்டர்கிட்ட?

* முதல் ரெண்டு, மூணு நாளுக்கு அப்புறம் வலி குறையணும். கூடினால் ஏதோ சரியில்லை.
* சிவப்பு காயத்தைத் தாண்டிப் பரவுறது, சூடு, சீழ், நாற்றம், காய்ச்சல்... இதில் எது வந்தாலும் அன்னிக்கே போங்க. ஏழாம் நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.
* தையல் விட்டுப் போனால் பிளாஸ்திரி போட்டு ஒட்டாதீங்க. சுத்தமான துணியால் மூடி, செஞ்ச டாக்டர்கிட்டயே போங்க. அவர் இல்லைன்னா அரசு மருத்துவமனை இருக்கு.
* ஆறின பிறகு தழும்பு காயத்தோட எல்லையைத் தாண்டி மொழுமொழுன்னு வளர்ந்தால் அது 'கீலாய்டு'. நம்ம மாதிரி மாநிறம், கறுப்புத் தோலுக்கு, அதுவும் இளவயசில் இது அதிகம் வரும். வீட்டில் யாருக்காவது இருந்தால் காது குத்துறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வரும். ஊசி, சிலிகான் ஜெல், அழுத்தம் கொடுக்கும் கிளிப்னு சேர்த்து வைத்தியம் பார்க்கணும்.

வீட்டு வைத்தியமா? வேண்டாம் பாஸ்!

மஞ்சள், காபித்தூள், டூத் பேஸ்ட், இங்க் எதையும் தையலில் அப்பாதீங்க. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, நீங்களே ஆன்டிபயாடிக் முழுங்காதீங்க. 'முட்டை, மீன் சாப்பிட்டா சீழ் பிடிக்கும்'னு பத்தியம் போடுவாங்க. உண்மை தலைகீழ். புதுச் சதை வளர புரோட்டீன் வேணும். முட்டை, மீன், பருப்பு, பால் எல்லாம் தாராளமா சாப்பிடலாம். தம் அடிக்கிற பசங்களுக்கு ஒரு வார்த்தை: நிக்கோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கிடும், காயத்துக்கு ரத்தம் போய்ச் சேராது. சர்ஜரிக்கு ஒரு மாசம் முன்னாடியே நிறுத்தணும்னு டாக்டர்கள் சொல்றது அதனாலதான். சர்க்கரை, ரத்தசோகை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்க.

வெட்கம்தான் வில்லன்

பைக்கில் விழுந்து வந்த காயம்னா வீடே ஓடி வரும். அழகுக்காகச் செஞ்சுக்கிட்டதில் சீழ் வெச்சா, 'நீயா இழுத்துக்கிட்டதுதானே?'ன்னு ஒரே வரிதான். அந்த வரிக்குப் பயந்துதான் நான் ரெண்டு நாள் மறைச்சேன், அம்மாச்சி ஒரு மாசம் மறைச்சாங்க. ஆனா, பாக்டீரியாவுக்குக் காரணமெல்லாம் தெரியாது. அழகுக்காகப் பட்ட காயமும் காயம்தான்.

செய்றதுக்கு முன்னாடியும் வெட்கப்படாமல் கேள்வி கேளுங்க. 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சை செஞ்சுக்கிட்ட 22 வயசு மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தே போனார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், அழகு சிகிச்சைகளையும் முடி நடுவதையும் முறையாகப் படித்துப் பயிற்சி பெற்ற டாக்டர்கள்தான் செய்யணும், யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டால் போதாதுன்னே சொல்லிடுச்சு. 'நீங்க என்ன படிச்சிருக்கீங்க? ஏதாவது ஆச்சுன்னா ராத்திரி யாரைக் கூப்பிடுறது?' இந்த ரெண்டு கேள்விக்கு முகம் சுளிக்கிற இடத்தில் காதைக் கொடுக்காதீங்க.

மனசும் ஆறணும். கட்டோடு காலேஜ் போன நாட்களில் கண்ணாடி பார்க்கவே பிடிக்கலை. வெளியே சொல்ல முடியாமல் தவிச்சா 14416-க்கு போன் போடுங்க, மனநல ஆலோசனை இலவசம். உடம்பு சம்பந்தமான சந்தேகத்துக்கு 104 இருக்கு.

நாலு மாசம் கழிச்சு, காயம் முழுசா ஆறின பிறகு, மறுபடி தைச்சுக்கிட்டேன். இந்தத் தடவை ஏழாம் நாள் காலையில் கிளினிக் வாசலில் முதல் ஆள் நான்தான். அதுக்கும் சில மாசம் கழிச்சு, டாக்டரே தழும்பு மேலே படாமல், பக்கத்தில் புதுசாக் காது குத்திவிட்டார். குட்டியா ஒரு தோடு போதும்னு இருக்கு இப்போ.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் ஒரு கண்ணாடிக் கிணறு உண்டு. மாலையைச் சூடி, ஆண்டாள் தன் அழகைப் பார்த்துக்கிட்ட கிணறுன்னு சொல்வாங்க. போன மாசம் அம்மாச்சியோடு போயிருந்தேன். "அழகு பார்க்கிறது தப்பில்ல தாயி. புண்ணு வந்தா மறைக்கிறதுதான் தப்பு" என்றார் அம்மாச்சி.

எங்க ரெண்டு பேர் காதிலும் ஒவ்வொரு கோடு. ரெண்டு பேருமே இப்போ முடியை இழுத்து மறைக்கிறதில்லை!