சுமக்கத்தக்கதே துணையாகும்: பயணத்துக்கேற்ற டிரைபாட்

சாமுவேல் போர்ன் என்னும் ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர் 1863ஆம் ஆண்டு இமயமலைக்குப் புறப்பட்டபோது, கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமக்க ஏறத்தாழ முப்பது கூலியாட்கள் உடன் சென்றனர். அவர் பெயரைத் தாங்கிய ‘போர்ன் அண்ட் ஷெப்பர்டு’ ஒளிப்பட நிலையம் கொல்கத்தாவின் எஸ்பிளனேடு பகுதியில் 2016 வரை இயங்கியது. இன்று பயணியும் நாமே, சுமையாளும் நாமே. எனவே கேமராவைத் தாங்கும் டிரைபாட் எவ்வளவு கனக்கிறது என்பது நமக்கு முதன்மையான கேள்வியாகிறது.

கொல்கத்தாவில் அதன் தேவை மாலையில் தெரியும். பிரின்செப் படித்துறையிலிருந்து, 1992இல் திறக்கப்பட்ட வித்யாசாகர் பாலத்தின் விளக்கொளியைப் படமெடுக்கச் சில நொடிகளேனும் கேமரா அசையாதிருக்க வேண்டும். கையால் அது இயலாது. அதே வேளையில், நாள் முழுவதும் நடந்து களைத்தவர் இரண்டரைக் கிலோ டிரைபாடை விடுதியிலேயே விட்டுவிட்டு வருவார். ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ வரையுள்ளதே பயணத்துக்கு உகந்தது.

ஆயினும் எடைக்குறைப்பு இலவசமாகக் கிடைப்பதன்று. அதற்கான ஈட்டைப் பணமாகவோ உறுதியிழப்பாகவோ நாம் செலுத்துகிறோம். கார்பன் இழையால் ஆனது அலுமினியத்தைவிட இலேசானது. அதிர்வையும் விரைவில் அடக்கும். ஆனால் விலை கணிசமாகக் கூடும். கால்கள் ஐந்து அடுக்குகளாக மடங்கினால் பெட்டியில் எளிதாக அடங்கும். ஆனால் கடைசி அடுக்கு மெலிந்து, காற்றில் நடுங்கும். நான்கு அடுக்குகள் பலருக்கும் பொருத்தமான நடுவழி. நடுத்தண்டை உயர்த்தினால் உறுதி குறையும். ஆதலால், அதை உயர்த்தாத நிலையில் கிடைக்கும் உயரத்தையே கணக்கிடுதல் வேண்டும்.

கேமரா, லென்ஸ் இரண்டின் மொத்த எடையைப்போல் இரு மடங்கேனும் தாங்குதிறன் இருத்தல் நன்று. கடைக்கு நம் கேமராவையே எடுத்துச் சென்று, டிரைபாடில் பொருத்தி, திரையில் காட்சியைப் பெரிதாக்கி, லென்ஸை மெல்லத் தட்டிப் பார்க்கலாம். அசைவு ஓரிரு நொடிகளில் அடங்கினால் நம்பி வாங்கலாம். மெட்ரோ திரையரங்கை ஒட்டிய சந்தில் கேமராக் கடைகள் பல உள்ளமையால், இரண்டு மூன்றை ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

பயன்படுத்தும் இடமும் கருதத்தக்கது. ஹவுரா பாலத்தின் நடைபாதை, செல்லும் வண்டிகளால் ஓயாது அதிர்கிறது. எத்துணை விலையுயர்ந்த டிரைபாடும் அங்கே பயன்தராது. பாலத்தைக் கரையிலிருந்து எடுப்பதே தகும். காற்று வீசினால் நடுத்தண்டின் கொக்கியில் பையைத் தொங்கவிடலாம். இரண்டு நொடி டைமரை இயக்கினால் விரல் அழுத்தும் அசைவு படத்தில் பதியாது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில், 1959ஆம் ஆண்டு விதிகளின்படி, தாங்கி வைத்துப் படமெடுக்க முன் அனுமதி வேண்டும். விஷ்ணுபூரின் சுடுமண் கோயில்களுக்கும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் இது பொருந்தும்.

இனி விலை. 12,000 ரூபாய்க்கு வாங்கி ஐந்து ஆண்டுகளில் 60 நாட்கள் பயன்படுத்தினால், ஒரு நாளைய செலவு 200 ரூபாய். 3,000 ரூபாய்க்கு வாங்கியதை, ஆட்டம் தாளாமல் மூன்று நாட்களோடு பரணில் ஏற்றினால், ஒரு நாளைக்கு 1,000 ரூபாய். மறுபுறம், ஆண்டுக்கு ஒரே பயணம் செல்பவருக்கும் பகலொளியில் மட்டும் படமெடுப்பவருக்கும் அந்தப் பன்னிரண்டாயிரம் தேவையற்ற செலவே. அவர்கள் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். வட்டியில்லாத் தவணை என்றாலும் பரிசீலனைக் கட்டணமும் அதன்மீது வரியும் உண்டா எனப் படித்தறிந்தே கையொப்பமிட வேண்டும். ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துதல் அவசியம்.

வாங்கும் முன் நாம் விடையளிக்க வேண்டிய கேள்வி இதுவே: காலையில் தோளில் ஏற்றும் இப்பொருளை, மாலை ஆற்றங்கரை வரை முணுமுணுப்பின்றிச் சுமப்போமா? ஆம் எனில், அதுவே நமக்குரிய டிரைபாட்.